பூச்சிக்குக் கீழே ஒரு சீட்டு

தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் வைரவன் ஜவுளி மாளிகையில் மாணிக்கவாசகம் பதினெட்டு வருஷம் நின்றார். வேலை பார்த்தார் என்பதைவிட நின்றார் என்பதுதான் சரி. பட்டுப் பிரிவில் வாடிக்கையாளருக்கு மெத்தை உண்டு, மின்விசிறி உண்டு, கலர் சோடா உண்டு. விற்கிறவருக்கு இரண்டு கால் உண்டு.

காலையில் ஷட்டரைத் தூக்குவதும் அவர்தான். முதலாளி வைரவம் பிள்ளை அவருக்குத் தூரத்து உறவு. திருநெல்வேலியிலிருந்து பத்தொன்பது வயசில் கூட்டிக்கொண்டு வந்தவர். உறவுக்காரன் என்பதால் சாவியை நம்பிக் கொடுத்தார். அதே காரணத்தால் நாற்காலி கொடுக்கவில்லை.

நிறத்துக்குப் பெயர் சொல்வதில் மாணிக்கவாசகத்தை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர், மயில்கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு. ஒரு ரவிக்கைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு “இதே கலர்ல” என்று வருகிறவர்களிடம், “இதே கலர் இல்லைம்மா, இதுக்குத் தங்கச்சி இருக்கு” என்று ஒன்றை உருவிப் போடுவார். அது பெரும்பாலும் விற்றுவிடும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் ஒருநாள், கடை வாசலைப் பெருக்குகிற கெங்கம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

“நைனா, இங்க வந்து இத்தப் பாரு. உங்க கடைப் பட்டுல கிழிஞ்சி வுயுந்த துண்டாட்டம் கீது.”

பெயர்ப்பலகையின் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு ராத்திரி வந்து, விடிந்ததும் செத்துக் கிடந்த அந்துப்பூச்சி அது. உள்ளங்கை அகலம். பாசிப்பச்சை மேல் ராமர் பச்சை, நடுவில் வெங்காயச் சருகில் ஒரு கீற்று. முந்தின நாள்தான் ஒரு அம்மாள் இரண்டு மணி நேரம் பச்சையாகப் புரட்டிவிட்டு, “நான் நினைக்கிற பச்சை உங்ககிட்ட இல்லை” என்று எழுந்து போயிருந்தாள். அவள் நினைத்த பச்சை இதுதான் என்று மாணிக்கவாசகத்துக்குச் சத்தியமாகத் தெரிந்தது. எந்தத் தறியிலும் வராத நிறக்கோர்வை, நடைபாதையில் குப்பையோடு கிடந்தது. ஒரு சேலைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு வாரத்தில் எறும்பு தின்றுவிட்டது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது.

மூர் மார்க்கெட்டில் பூச்சி சேகரிப்பது பற்றி அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தார். பட்டில் கறை எடுக்கக் கடையில் வைத்திருக்கும் பெட்ரோலில் ஒரு பஞ்சை நனைத்துப் பாட்டிலில் போட்டால் பூச்சி துடிக்காமல் அடங்கும். கபாலி கோயில் பக்கம் மாலை கட்டுகிறவர்களிடம் வாங்கிய நெட்டித் தக்கையைச் சீவிப் பெட்டியின் அடியில் ஒட்டினால் குண்டூசி வழுக்காமல் இறங்கும். சாமி படங்களுக்குச் சட்டம் போடும் மெஹபூப் அலி பாய், மிச்சக் கண்ணாடியில் பெட்டிக்கு மூடி செய்து கொடுத்தார். நாலு மூலையிலும் பாச்சை உருண்டை. இதெல்லாம் கைவேலை, யாருக்கும் வரும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் பலமுறை படித்தார். பூச்சியைக் குத்திய அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே, ஒரு சின்னச் சீட்டைக் குத்தவேண்டும். அதில் பிடித்த இடம், பிடித்த நாள். பூச்சியின் பெயர் எழுதவேண்டியதில்லை, அதைப் படித்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் பூச்சியைப் பார்த்தே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இடமும் நாளும் போனால் போனதுதான். சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைப் பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

இது மாணிக்கவாசகத்துக்குச் சட்டென்று புரிந்தது. கடையில் ஒவ்வொரு சேலையிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்த ஊர்த் தறி, எந்த மாசச் சரக்கு, என்ன விலை என்று அதற்குத்தான் தெரியும். சீட்டு விழுந்த சேலை அநாதை. அச்சுப் பிசகிக் குப்பைக்குப் போகும் கடைச் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நாலாக வெட்டினால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பேனா முள்ளைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி எழுதினார்: அடையாறு முகம், வடகரை, 8-8-65. சாந்தோம் வேலி, 3-10-66. உஸ்மான் ரோடு, கடைச் சுவர், 19-7-67. சீட்டு பூச்சியோடவே இருக்கும்போது தனியாக நோட்டு எதற்கு? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனுஷன் ஒன்றை இரண்டு தரம் எழுதமாட்டான்.

பெட்டிகள் ஒன்று, நாலு, பதினொன்று என்று ஏறின. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் ஒரே அறை. பெட்டிகளுக்குக் கட்டிலுக்கு அடிதான் இடம்.

கடையில் இது தெரிந்தபோது வைரவம் பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஜவுளிக்கடைக்காரன் அந்துப்பூச்சிய வளக்கான்வே! நாளைக்கு என் பட்டையெல்லாம் தின்னுட்டு ஏப்பம் விடும்.”

“துணி திங்கிறது வேற சாதி அண்ணாச்சி,” என்றார் மாணிக்கவாசகம். “இது பட்டு உடுத்துற சாதி.”

அதற்கும் சிரித்தார்கள். பூச்சி மாணிக்கம் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கல்யாணம் அறுபத்து நாலில். சண்முகவடிவு மாமா மகள்தான். வந்த புதிதில் அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போனாள். சாந்தோமிலிருந்து நடந்தால் அடையாறு கடலில் விழும் இடம். வடகரையில் உப்புச்சேறு பரந்து கிடக்கும். அந்தச் சேற்றில் ஒரு சின்ன வண்டு உண்டு. பித்தளை நிறம், முதுகில் வெள்ளையில் மூன்று வளைவு, கோலமாவால் இழுத்த மாதிரி. ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். வேறெங்கும் அதை அவர் பார்த்ததில்லை. ஈரத் துண்டை வீசித்தான் பிடிக்கவேண்டும். ஒரு ஞாயிறு அவர் ஒரு மணி நேரம் வீசியும் அகப்படவில்லை. வடிவு சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையைப் போட்டு ஒன்றை அமுக்கிக்கொண்டு கத்தினாள்.

“அத்தான், நான் பிடிச்சிட்டேன்லா! நீங்க துண்டைப் பிழிஞ்சு தலையத் தொவட்டுங்க.”

முதல் வண்டு அதுதான். அதன் சீட்டில் 8-8-65.

வடிவு கூடப் போவதை நிறுத்தியது முதலாளி வீட்டு வளைகாப்புக்குப் பிறகு. அங்கே முதலாளியின் மனைவி தங்கம், வந்தவர்கள் எல்லாருக்கும் வளையல் அடுக்கிக்கொண்டு வந்தவள், வடிவின் முறை வந்ததும் கையை நிறுத்தினாள்.

“உனக்கு எத்தனை வருஷம் ஆச்சுட்டி?”

“நாலு, மதினி.”

“வீடு நிறைய உசிரக் கொன்னு ஊசியில குத்தி வச்சிருந்தா வயித்துல ஒரு உசிரு எப்படித் தங்கும்? உன் மாப்பிள்ளைட்ட சொல்லு.”

வடிவு வீட்டில் வந்து அதைச் சொன்னாள். அழவில்லை. அடுத்த ஞாயிறு, “நீங்க போயிட்டு வாங்க” என்றாள். பெட்டிகளைத் தூக்கிப்போடும்படி மட்டும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக் கண்ணாடியையும் துடைத்துத் திரும்பத் தள்ளி வைப்பாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. அவர் என்ன எழுதுகிறார், எதற்கு எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதவளிடம் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

எழுபத்து மூன்று ஆடித் தள்ளுபடியில் ஜவஹர் வந்தார். தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த கல்லூரி விரிவுரையாளர். விலங்கியல் என்று பிறகுதான் தெரிந்தது. மாணிக்கவாசகம் ஒரு பச்சையை விரித்துப் போட்டு, பேச்சுவாக்கில், “இது அரளிச்செடி அந்து முதுகுப் பச்சைம்மா” என்றார். தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சொன்னீங்க? அரளியில புழுவா இருந்து வருமே, அதுவா?”

“அதேதான் சார். என்கிட்ட நாலு இருக்கு.”

அடுத்த ஞாயிறு ஜவஹர் மயிலாப்பூர் வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பெட்டி பெட்டியாகப் பார்த்தார். வண்ணத்துப்பூச்சிகளை வேகமாகத் தாண்டினார். ஏழு பித்தளை வண்டுகள் இருந்த பெட்டியில் நின்றார். ஒவ்வொரு வண்டின் சீட்டையும் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார்.

“அறுபத்தஞ்சுலேருந்து எழுபது வரைக்கும். அப்புறம் ஏன் இல்லை?”

“அப்புறம் மண் லாரி வந்துருச்சு சார். எழுபத்தொண்ணுல போனேன், எழுபத்திரண்டுல போனேன். சேறே இல்லை. கல்லு நட்டு மனை பிரிச்சிருக்காங்க.”

ஜவஹர் கண்ணாடியைக் கீழே வைத்தார். “மாணிக்கம் சார், அந்தக் கரையில என்ன இருந்துச்சுன்னு அந்த அஞ்சு வருஷம் எங்கள்ல யாருமே போய்ப் பாக்கலை. நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க. இனிமே நினைச்சாலும் யாராலயும் பாக்க முடியாது. தெரியுமா உங்களுக்கு?”

மாணிக்கவாசகத்துக்குத் தெரியாது.

“பூஜா லீவு முடிஞ்சதும் வர்றேன். ஒரு மியூசியத்துல பேசறேன். தனி பீரோ குடுப்பாங்க. பீரோ மேல உங்க பேர் இருக்கும். நூறு வருஷம் கழிச்சு எவனாவது வந்து கேட்டாலும் உங்க பேரைச் சொல்லித்தான் திறப்பான்.”

அதுவரை மாணிக்கவாசகம் தன் பெயர் எழுதியிருப்பதை இரண்டே இடத்தில்தான் பார்த்திருந்தார்: கடை வருகைப் பதிவேடு, ரேஷன் கார்டு. ரேஷன் கார்டில் அவர் பெயருக்குக் கீழே வடிவு பெயர். அதற்குக் கீழே ஒன்பது வருஷமாக வெறும் கோடுகள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது வடிவிடம் சொன்னார். அவள் கரண்டியோடு நின்றாள்.

“காலேஜ் சாரா சொன்னாவ? உங்க பேரா?”

“என் பேர்தான்.”

“அப்ப தங்கம் மதினியக் கூப்பிட்டுக் காட்டணும் அத்தான். கண்டிப்பாக் காட்டணும்.”

அவர் சிரித்தார். காட்டு என்றார். அந்தச் சிரிப்பையும் அந்தச் சொல்லையும் பின்னால் எத்தனை முறை திரும்ப எடுத்துப் பார்த்திருப்பாரோ தெரியாது.

நவராத்திரி தொடங்கும்போது முதலாளி அவரைத் தீபாவளிச் சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் அனுப்பினார். ஏழு நாள் வேலை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பெட்டியெல்லாம் சுத்தமா இருக்கட்டும் வடிவு. பெரிய ஆளுக பாக்கப் போற சாமான். தூசி தும்பு இருக்கப்படாது.”

காஞ்சிபுரத்தில் தறி தறியாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு சேலையிலும் ஊரும் நாளும் எழுதிச் சீட்டுக் குத்தினார்.

ஏழாம் நாள் சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. சுண்டல் வாசனை. வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு. வடிவு வீட்டுக் கொலுவுக்கு எந்த வருஷமும் இத்தனை பேர் வந்ததில்லை.

ஐந்து படி. வழக்கமான பொம்மைகள். படிகளுக்கு இடையிலும் இரண்டு பக்கமும் அவருடைய பெட்டிகள், கண்ணாடி பளபளக்க. கீழே தரையில் மணல் பரப்பி, கடுகும் வெந்தயமும் முளைக்கவிட்டு ஒரு பூங்கா செய்திருந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகக் கிடந்தது. முளைகளின் மேல், குச்சிகளின் மேல், செட்டியார் பொம்மையின் கடைக்கு மேல், வண்ணத்துப்பூச்சிகள். எருக்கஞ்செடி ஆரஞ்சுகள் ஒரு கூட்டமாக, நீலக்கறுப்புகள் ஒரு கூட்டமாக. நிறம் நிறமாகப் பிரித்திருந்தாள். ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி அல்லவா, கோர்வை தப்பவில்லை. குளத்தின் ஓரத்தில், ஈர மணலில், பித்தளை வண்டுகள் ஏழும் வரிசையாக ஓடுவது போல.

அவர் கண் முதலில் பார்த்தது அழகைத்தான். அது உண்மை. பத்து வருஷத்தில் இவை இப்படி இருந்து அவரே பார்த்ததில்லை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஊசிகளைப் பார்த்தார். வண்டுக்குக் கீழே ஊசி வெறுமையாக இருந்தது. பக்கத்து ஊசியும். பெட்டிகளுக்குப் பார்வையைத் திருப்பினார். ஒரு பெட்டி, அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. எங்கும் ஒரு சீட்டுகூட இல்லை.

“வா மாணிக்கம்,” என்றாள் தங்கம். நடுவில் ஜமக்காளத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். “உன் பூச்சிக்குள்ள இவ்வளவு அழகு இருக்குன்னு ஒரு நாளாவது சொன்னியா? மெட்ராஸ்ல நான் பாக்காத கொலுவா? இந்த மாதிரி ஒண்ணு பாக்கல.” பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நான் வாய் தவறி என்னமோ சொல்லிட்டேன்ட்டி. மனசுல வச்சிக்கிடாத.”

வடிவின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று இருந்த முகம்.

“எப்படி இருக்கு அத்தான்?”

“நல்லா இருக்கு,” என்றார்.

எல்லாரும் போன பிறகு அவளே எடுத்து நீட்டினாள். பெரிய பவுடர் டப்பா. உள்ளே சீட்டுகள், கழுத்து வரைக்கும்.

“ஒண்ணு குறையாம இருக்கு. மூணு நாள் மத்தியானம் உக்காந்து கழத்துனேன். ஒரு றெக்க உடையல பாருங்க. பெரிய மனுஷாளுக்குக் காட்டும்போது கடைச் சீட்டோடயா காட்டுவாவ? நீங்கதானே சொல்லுவிய, சீட்டக் கழத்தாம சேலையக் குடுக்கப்படாதுன்னு. அதோட, கடை அட்டைய வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருக்கான்னு மதினி பாத்துட்டா?”

அவர்தான் சொல்லியிருந்தார். கல்யாணமான முதல் தீபாவளிக்கு வாங்கிவந்த சேலையில் சீட்டு தங்கிவிட்டது. சீட்டோடு சேலை வீட்டுக்கு வந்தால் அது இன்னும் கடைச் சொத்துதான், கழற்றி டப்பாவில் போட்டால்தான் நம்முடையது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர். கழற்றிய சீட்டைக் கடையில் எப்படி டப்பாவில் போடுவார்களோ அப்படியே போட்டிருந்தாள்.

டப்பாவை மூடினார். “நல்ல காரியம்,” என்றார். கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாள் கடைக்குப் போகும் முன் உட்கார்ந்து பார்த்தார். அரளி அந்துகள் நாலில் மூன்றுக்கு இடம் ஞாபகம் இருந்தது. புயல் மறுநாள் கடைச் சுவரில் எடுத்த ஒன்று. மெஹபூப் அலி பாய் கடைக்குள் பறந்து வந்த ஒன்று. அப்படி இப்படியாக நாற்பது. மீதி அறுநூறுக்கு மேல். பித்தளை வண்டு ஏழும் ஒன்றுபோல் ஒன்று. வடகரை என்று எழுதிய சீட்டுகள் மட்டும் நூற்று முப்பத்திரண்டு. அதில் எந்த ஏழு இந்த வண்டுகளுடையது, எது எந்த வண்டுக்கு? சீட்டில் பூச்சியின் பெயர் இல்லை. பூச்சிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

ஜவஹர் சொன்னபடி வந்தார். கொலு கலைத்தாகிவிட்டது. முதல் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இரண்டாவதை வேகமாகத் திறந்தார்.

“லேபிள் எங்க?”

மாணிக்கவாசகம் டப்பாவை எடுத்து வைத்தார். வடிவு காப்பி டம்ளரோடு அடுப்படி நிலையில் நின்றாள்.

ஜவஹர் டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டுகளை அள்ளினார், விரல் வழியாக ஒழுகவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. உங்க கையெழுத்துதானே, உங்க ஞாபகம்தானே. தோராயமா குத்திக் குடுங்க. அந்த ஏழு வண்டுக்கும் அறுபத்தஞ்சுலேருந்து எழுபதுக்குள்ள ஏழு வடகரைச் சீட்டு. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே சார்.”

“மாணிக்கம் சார், என் ஆராய்ச்சிக்கே இதை நம்பித் தலைப்பு குடுத்துட்டேன். பேர் உங்களுதுதானே வரப்போகுது? பீரோ மேல உங்க பேர்தானே?”

அந்தப் பீரோ ஒரு நிமிஷம் மாணிக்கவாசகத்தின் கண் முன்னால் நின்றது. தேக்கு, பித்தளைக் கைப்பிடி. பிறகு சொன்னார்: “ஆரணிச் சேலையில காஞ்சிபுரம் சீட்டைக் குத்துறவனை ஒரு நாள்கூடக் கடையில வச்சிருக்க மாட்டாங்க சார். பதிமூணு வருஷமா நான் அதைச் செஞ்சதில்லை. என் பேருக்கு அடியில வச்சுச் செய்யணுமா?”

ஜவஹர் எழுந்தார். காப்பியைத் தொடவில்லை. “அப்ப இது வெறும் அலங்காரச் சாமான். வீட்ல மாட்டி வச்சுக்குங்க.” படியிறங்கும்போது திரும்பி, வடிவைப் பார்க்காமலே, “சீட்டுலதான் சார் எல்லாம் இருந்துச்சு,” என்றார்.

செருப்புச் சத்தம் தெருவுக்கு இறங்கியது. வடிவு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“சீட்டுலயா இருந்துச்சு?”

அவர் சீட்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டார்.

“வந்த அன்னைக்கு ‘நல்லா இருக்கு, நல்ல காரியம்’னுதானே சொன்னிய அத்தான். முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?”

“ஒம்பது வருஷத்துல நீ ஒரு நாள் கேக்கல.”

“நீங்க ஒரு நாள் சொல்லல.”

இரண்டும் உண்மை. அதற்கு மேல் சொல்ல அந்த வீட்டில் இருவருக்கும் ஒன்றுமில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது வைரவம் பிள்ளை கூப்பிட்டார். தங்கம் வீட்டில் சொல்லிச் சொல்லி அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

“மாணிக்கம், உங்க மதினி சொல்லுதா, கண்ணாடி ஷோகேஸ்ல பட்டை விரிச்சு மேல உன் பூச்சியக் குத்தி வச்சா ரோட்டுல போற சனமெல்லாம் நிக்குமாம். உனக்கு ஆட்சேபணை இல்லையே?”

மூன்று மாதம் முன்னால் கேட்டிருந்தால் வேலையையே விட்டிருப்பார். “எனக்கென்ன அண்ணாச்சி,” என்றார்.

அவரே குத்தினார். வேறு யார் குத்தினாலும் இறகு உடையும். அரக்குச் சேலையில் எருக்கஞ்செடி ஆரஞ்சு. மயில்கழுத்தில் நீலக்கறுப்பு. பாசிப்பச்சையில் அரளி அந்து நாலும். ஒவ்வொரு சேலையிலும் கடை வழக்கப்படி ஊரும் நாளும் விலையும் எழுதின சீட்டு, பார்க்கிறவர்கள் படிக்கிற மாதிரி முன்னால். சீட்டு சேலைக்கு. பூச்சிக்குச் சீட்டு இல்லை. ஜனங்கள் நிஜமாகவே நின்றார்கள். “பிளாஸ்டிக்கா?” என்று கேட்டார்கள்.

வண்டுகள் சிறியவை, ரோட்டிலிருந்து தெரியாது என்று முதலாளி வேண்டாமென்றுவிட்டார். அந்த ஏழும் வீட்டிலேயே இருந்தன. அவற்றின் பக்கத்தில் பவுடர் டப்பாவை வடிவு வைத்தாள். சாமி படத்துக்குக் கீழே. சில மத்தியானங்களில் அவள் டப்பாவைக் கவிழ்த்து, வடகரைச் சீட்டுகளைத் தனியாகப் பொறுக்கிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 8-8-65 என்ற சீட்டை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அவள் விழுந்த நாள் அவளுக்குத் தெரியாதா? ஆனால் ஏழில் எது தன் முந்தானையில் சிக்கியது என்று அவளுக்கும் தெரியவில்லை.

உஸ்மான் ரோட்டில் மத்தியான வெயில் நேரே ஷோகேஸில் அடிக்கும். கார்த்திகைக்குள் ஆரஞ்சு காவியாகி, பொங்கலுக்குள் எல்லாம் ஒரே சாம்பல். பொங்கல் முடிந்து ஒருநாள் காலை கெங்கம்மா ஷட்டருக்கு வெளியே இருந்த ஷோகேஸுக்குள் துடைப்பத்தை விட்டுக்கொண்டு கூப்பிட்டாள்.

“நைனா, உன் பூச்சியெல்லாம் வெளுத்து உதிர்ந்துகினு கீது. எடுத்து வைக்கவா, இன்னா சொல்ற?”

“பெருக்கிரு.”

“நெஜமாவா? பத்து வருசமா நான் ஒண்ணொண்ணா பொறுக்கி உன் கையில குடுத்தேனே நைனா.”

“பெருக்கிரு கெங்கம்மா. கடை திறக்கணும்.”

அவள் பெருக்கினாள். பிறகு வாசலுக்கு வந்தவள் பெயர்ப்பலகைக்குக் கீழே சுவரைப் பார்த்து நின்றாள். “இங்க ஒண்ணு உசுரோட கீது பாரு. அதே பச்ச. எடுத்துக்கிறியா?”

மாணிக்கவாசகம் போய்ப் பார்த்தார். அரளி அந்துதான். புதிது. ஒரு செதில்கூட உதிராத இறகு, ராமர் பச்சை ஈரமாக இருப்பது போல. சட்டைப் பையில் கை போனது. அங்கே எப்போதும் போல நாலாக வெட்டின சீட்டு இரண்டு இருந்தது. பேனாவை எடுத்து, சுவரில் வைத்து எழுதினார்: உஸ்மான் ரோடு, கடைச் சுவர், 21-1-74.

பூச்சியை எடுக்கவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய், விற்ற சேலைகளின் சீட்டுகள் கிடக்கும் டப்பாவில் அதையும் போட்டார். அன்றிலிருந்து கடையில் நின்ற கடைசி நாள் வரைக்கும், ஐந்து வருஷம், அவர் ஒரு பூச்சியையும் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சீட்டு எண்ணுகிற பையன் கேட்டான், இது எந்தச் சேலையோடது அண்ணாச்சி என்று.

“எதோடதும் இல்லை,” என்றார். “கிழிச்சுப் போடு.”